புழு பட்டாம்பூச்சியாவதைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா?

மதுரை:
மாடித் தொட்டியில் கறிவேப்பிலை வளர்க்கிறேன். போன ஐப்பசியில் ஓர் இலை மேல் குருவி எச்சம் கிடந்தது. தட்டிவிடப் போனால், நகர்ந்தது! எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு. எச்சம் என்று நினைத்துப் பறவைகள் விட்டுவிடும். நாலாவது தடவை தோல் உரித்ததும் பச்சைப் பசேலென்று ஆகிவிட்டது. தொட்டுப் பார்த்தேன்; தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்கு மாதிரி பிளந்த கொம்பு ஒன்று எட்டிப் பார்த்தது, கூடவே ஒரு நெடி.

"செடியை மொட்டையடிச்சிரும், தூக்கிப் போடு" என்றார் அம்மா. ஒரு கிளையை மட்டும் அதற்கு விட்டுவிடலாம் என்று கெஞ்சினேன்.

ஒருநாள் தின்பதை நிறுத்திவிட்டுத் தண்ணீராகக் கழிந்தது. செத்துவிடுமோ என்று ராத்திரி தூக்கமே இல்லை. கூட்டுப்புழு ஆவதற்கு முன் வயிற்றைக் காலி செய்யுமாம். மறுநாள் பார்த்தால், மின்கம்பத்தில் இடுப்புப் பட்டை மாட்டிச் சாய்ந்து நிற்பவரைப் போல, ஒற்றைப் பட்டுநூலில் குச்சியோடு சாய்ந்திருந்தது.

பத்தாம் நாள் விடியலில் கூட்டின் தோல் வழியே இறக்கைப் புள்ளிகள் தெரிந்தன. ஆறே முக்காலுக்கு வெடித்தது. இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் பிழிந்து போட்ட ஈரத் துணி. உடம்பு நீரை நரம்புகளில் ஏற்ற ஏற்ற அது விரிந்துகொண்டே போனது. எனக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம் உறிஞ்சுகுழல்தான். இரண்டு தனி இழைகளாக வெளியே வந்தது. சுருட்டி நீட்டி, சுருட்டி நீட்டி, தானே இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. பால் பொங்கி வழிந்த வாடை வந்த பிறகுதான் அம்மாவும் பக்கத்தில் நிற்பது தெரிந்தது.

நாகர்கோவில்:
அக்கா, எங்க வேலி அரளியில வெள்ளிக் குண்டலம் மாதிரி ஒண்ணு தொங்கிச்சு. கிட்டப் போனா என் மூஞ்சியே தெரியுது! கருப்பு இறக்கை ஓரத்துல வெள்ளைப் புள்ளி வச்ச பட்டாம்பூச்சியோட கூடு. அது பறந்த பிறகு ஆசையா எடுத்து வச்சேன், பளபளப்பே இல்ல. சாயம் கிடையாதாம், தோலோட மெல்லிய அடுக்குகள்ல வெளிச்சம் பட்டுத் திரும்புறதுதானாம்.

கோவை:
நான் பார்த்து வைத்த மூன்று கூடுகளில் ஒன்று விரியவில்லை. கருத்துப்போய், சின்னத் துளை விழுந்து, எள்ளைவிடச் சிறிய குளவிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அன்று அழுதேவிட்டேன். பிறகுதான் உறைத்தது, அந்தக் குளவிகளும் முட்டை, புழு, கூட்டுப்புழு என்று அதே வழியில்தான் உள்ளே வளர்ந்திருக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2008-ல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புகையிலைப் புழுக்களுக்கு ஒரு வாசனையைக் காட்டி லேசாக மின்அதிர்ச்சி கொடுத்ததை வெளியிட்டார்கள். அந்துப்பூச்சியான பிறகும் அவற்றில் பெரும்பாலானவை அந்த வாசனையை விட்டு ஒதுங்கின. உள்ளே அவ்வளவும் மாறியும் அந்த நினைவு அழியவில்லை!

மதுரை:
கோவைக்காரர் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. இன்று காலை மாடியிலிருந்து கூப்பிட்டார்: "இங்க வா, இன்னொரு எச்சம் நகருது."