சிதறல் வேண்டாம், 'கலைவு' எனலாமா?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

> காற்றில் மாசு பரந்து போவதற்குச் 'சிதறல்' என்றே வைத்துக்கொள்ளலாமே?

ஆங்கிலத்தில் dispersion எனப்படும் இதற்குத் தமிழ்ச்சொல்லாகச் 'சிதறல்' போதும் என்கிறீர்கள். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஒளிச்சிதறல் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. மாசுத் துகள்களில் பட்டு ஒளி சிதறுவதையும் நாம் எழுத வேண்டிவரும். ஒரே பக்கத்தில் குழப்பம். 'விரவல்' வேதியியலுக்குப் போய்விட்டது. சரி, 'பரவல்'? நோய் பரவுகிறது, வதந்தி பரவுகிறது. இரண்டும் பரவப் பரவப் பெருகுபவை. மாசு பெருகுவதில்லை. அகலமாகி, அடர்த்தி குறைகிறது.

களத்தில் நடப்பதைப் பாருங்கள். 1956 கோடையில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், ஓநீல் ஊருக்கு அருகே, காற்றில் வாயு எப்படிப் பரந்து போகிறது என்று அளக்கும் பிரெய்ரி கிராஸ் சோதனை நடந்தது. தரையை ஒட்டிப் பத்து நிமிடம் கந்தக டைஆக்சைடை விட்டு, காற்று போகும் பக்கம் 50 முதல் 800 மீட்டர் வரை, வாயு விட்ட இடத்தை மையமாகக் கொண்ட ஐந்து வளைவுகளில் கருவிகள் வைத்துக் காற்று மாதிரி எடுத்தார்கள். வெயில் நேரத்தில் காற்று கொந்தளிப்பதால் வாயு அகன்று பல கருவிகளில் படும். தெளிந்த இரவிலோ ஒல்லியான நாடாபோலப் போகும். கருவிகள் தள்ளித் தள்ளி இருந்தால் நடுவில் நழுவிவிடும். அதனால் 800 மீட்டர் வளைவில் ஒரு பாகைக்கு ஒன்று, அதாவது சுமார் 14 மீட்டருக்கு ஒரு கருவி வைத்தார்கள்.

இதற்கு நம்மிடம் பேச்சுச் சொல்லே இருக்கிறது. போகி விடியலில் "புகை இன்னும் கலையவில்லை" என்கிறோம். வெயில் ஏறியதும் "கலைந்துவிட்டது" என்கிறோம். ஆகவே 'கலைவு'.

கலைந்தால் இல்லாமல் போனதாகாதா என்று நீங்கள் கேட்கலாம். கூட்டம் கலைந்தால் ஆட்கள் இல்லாமல் போவதில்லையே! 1994 அக்டோபர் 23 அன்று பிரான்சின் மோன்டர்ஃபில்லில் 340 கிலோ தடங்காட்டி வாயுவை (காற்றோடு போகும் வழியை அளந்து அறிவதற்காக விடும் வாயு) விட்டு, 17 ஐரோப்பிய நாடுகளில் 168 நிலையங்கள் வைத்துத் தேடினார்கள். கலைந்த பிறகும் அளக்கக் கிடைக்கும் என்பதை நம்பித்தான் அந்தத் திட்டமே.

'கலைப்பு' மட்டும் வேண்டாம். சட்டசபைக் கலைப்புபோல, யாரோ செய்வதாக ஆகிவிடும். இங்கே காற்றில் தானாக நடக்கிறது. கலைவுக் கள ஆய்வு, கலைவு அகலம், இரவு நேர மந்தக் கலைவு என்று கூட்டுச் சொற்களும் இயல்பாக அமைகின்றன. அப்புறம், வினையாக வரும் இடத்தில் 'கலைவுறுகிறது' என்று நீட்ட வேண்டியதில்லை. 'மாசு கலைகிறது' போதும்.

அன்புடன்.