ஸ்லோவாக்கியாவின் ஜுரிண்டா எட்டு வருடம் பிரதமராகத் தாக்குப்பிடித்தது எப்படி?

கேள்வி:
கம்யூனிஸ்ட் ஆட்சி முடிந்த பிறகு கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் வந்த கூட்டணி அரசுகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். மிகுலாஷ் ஜுரிண்டா மட்டும் பிடிபடவில்லை. 1998, 2002 இரண்டு தேர்தலிலும் அவர் கட்சி முதலிடம் பிடிக்கவில்லை, அவருக்கு முன்பு பிரதமராக இருந்த மெச்சியாரின் கட்சிதான் பிடித்தது. 2002இல் அவருக்குக் கிடைத்தது 15 சதவீத ஓட்டு, 150இல் 28 இடம். அப்படியும் 1998 அக்டோபர் முதல் 2006 ஜூலை வரை அவர்தான் பிரதமர். இது திறமையா, வெறும் அதிர்ஷ்டமா?

பதில் 1:
பாதிக்கு மேல் மெச்சியார் உபயம்! 1998 தேர்தலுக்குச் சில மாதம் முன்பு மெச்சியார் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, கூட்டணியில் உள்ள ஒவ்வொரு கட்சியும் நாடாளுமன்றத்தில் நுழையத் தனித்தனியாக 5 சதவீதம் வாங்க வேண்டும் என்று வைத்தார். எதிரணியில் சேர்ந்திருந்த ஐந்து கட்சிகளை உடைப்பதுதான் திட்டம், ஆனால் அவர்கள் எஸ்டிகே என்று ஒரே கட்சியாகவே பதிவு செய்துகொண்டார்கள், அதற்குத் தலைவராக வந்தவர்தான் அதுவரை பெரிதாக யாரும் பேசாத இந்த முன்னாள் போக்குவரத்து அமைச்சர். மெச்சியாருக்கு 43 இடம், இவர்களுக்கு 42. முதலிடம் பிடித்து என்ன பயன், மெச்சியாரோடு சேர தேசியக் கட்சியைத் தவிர ஆளில்லை.

2002இல் அதே 5 சதவீதம் மெச்சியார் பக்கத்தையே கடித்தது. தேசியக் கட்சி இரண்டாக உடைந்து இரண்டுமே 3 சதவீதச் சொச்சத்தில் நின்றன, மெச்சியாரிடமிருந்து பிரிந்த காஷ்பரோவிச் கட்சியும் அப்படியே. அந்த ஓட்டெல்லாம் வீண். ஜுரிண்டா நான்கு கட்சிகளைச் சேர்த்து 78 இடத்தோடு உட்கார்ந்தார்.

பதில் 2:
அதிர்ஷ்டம் ஆட்சியில் உட்கார வைக்கும், சரி, எட்டு வருடம் ஓட்டுமா? முதல் கூட்டணி ஒரு நெல்லிக்காய் மூட்டை. கிறிஸ்தவ ஜனநாயகவாதிகள், பழைய கம்யூனிஸ்ட் கட்சியின் வாரிசான எஸ்டிஎல், ஹங்கேரியச் சிறுபான்மையினர் கட்சி எல்லாம் ஒரே அமைச்சரவையில். 2000 ஏப்ரலில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தபோது, கூட்டணிக் கட்சியான எஸ்டிஎல்லின் தலைவரும் நாடாளுமன்றத் தலைவருமான மிகாஷ் பிரதமருக்கு எதிராகவே ஓட்டுப் போட்டார்! அப்படியும் அரசு கவிழவில்லை, மிகாஷும் பதவியில்தான் இருந்தார்.

1998இல் ஹங்கேரியர்கள் இல்லாமலே அவருக்கு 78 இடம் இருந்தது என்பதையும் கவனியுங்கள். ஆனாலும் சேர்த்துக்கொண்டார். அதனால்தான் எண்ணிக்கை 93 ஆனது, அரசியல் சட்டத்தைத் திருத்தத் தேவையான 90ஐத் தாண்டியது, 2001இல் பெரிய திருத்தமும் நிறைவேறியது. அப்புறம், ஐரோப்பிய ஒன்றியம், நேட்டோ என்ற இலக்கு இருந்ததால் யாருக்கும் கவிழ்த்த பழியைச் சுமக்க மனமில்லை.

பதில் 3:
மேலே உள்ள இரண்டு பேரும் விலையைப் பற்றிப் பேசவே இல்லையே. எஸ்டிஎல் 2002இல் 2 சதவீதம்கூடத் தேறாமல் நாடாளுமன்றத்தை விட்டே போனது. அந்த ஓட்டை அள்ளியவர், 1999இலேயே அங்கிருந்து வெளியேறி ஸ்மெர் கட்சி ஆரம்பித்த ஃபிட்சோ. இடதுசாரிகள் இல்லாத இரண்டாவது அரசில் நிதியமைச்சர் மிக்லோஷ் 2004 முதல் வருமான வரி, நிறுவன வரி, மதிப்புக் கூட்டு வரி மூன்றையும் 19 சதவீதமாக்கினார். முதலீட்டாளர்கள் கைதட்டினார்கள். அதே வருடம் பிப்ரவரியில் உதவித்தொகை வெட்டை எதிர்த்துக் கிழக்கே ரோமா மக்கள் கலவரத்தில் இறங்க, அரசு ராணுவத்தையும் அனுப்பியது. இதை "சீர்திருத்தம்" என்ற ஒரே வார்த்தையில் கடந்து போக முடியாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 2004இல் நேட்டோ, ஐரோப்பிய ஒன்றியம் இரண்டிலும் சேர்ந்தாயிற்று. இலக்கு முடிந்ததும் ஏன் உடனே கவிழவில்லை?

பதில் 2:
பெரும்பான்மை அதற்கு முன்பே போய்விட்டது. 2003இல் பாதுகாப்பு அமைச்சர் ஷிம்கோவை நீக்கினார், அவரோடு சில உறுப்பினர்களும் வெளியேறினார்கள். அதன் பிறகு சுயேச்சைகளின் தயவில்தான் வண்டி ஓடியது. எப்படி வளைத்தார் என்று அப்போதே முணுமுணுப்பு உண்டு. 2005இல் கூட்டணியிலிருந்த ஆனோ கட்சி உடைந்தது, 2006 பிப்ரவரியில் வாடிகனோடான ஒப்பந்தப் பிரச்சினையில் கிறிஸ்தவ ஜனநாயகவாதிகளும் போனார்கள். ஜூனில் முன்கூட்டியே தேர்தல். அவர் கட்சிக்கு 2002ஐவிட அதிகமாக, 18 சதவீதம், 31 இடம் கிடைத்தது, ஆனால் ஃபிட்சோவுக்கு 50. அந்த ஃபிட்சோ கூட்டுச் சேர்த்ததோ மெச்சியாரையும் தேசியக் கட்சியையும்.