கிரெமர் ரேஸிங்: லு மான் வென்ற கொலோன் டீம் ஏன் சரிந்தது?

பந்தயப்பித்தன் (கேள்வி):
கொலோன் நகரில் எர்வின், மான்ஃப்ரெட் கிரெமர் சகோதரர்கள் 1962இல் தொடங்கிய டீம் இது. போர்ஷேயிடம் 935 என்ற பந்தயக் காரை வாங்கி, அதைத் தங்கள் கைப்பட மாற்றி, 1979இல் பிரான்ஸின் 24 மணி நேரப் பந்தயமான லு மானில் ஒட்டுமொத்த வெற்றியே பெற்றார்கள். விற்ற கம்பெனியின் சொந்தக் கார்கள் ஓடிய பந்தயத்தில் வாங்கியவர் ஜெயித்தது எப்படி? அப்படிப்பட்ட டீம் 1990களின் கடைசியில் ஏன் ஒடுங்கியது? "பணம் இல்லை" என்ற பதில் எல்லா டீமுக்கும் பொருந்தும். காரிலிருந்தே தொடங்கிச் சொன்னால் புரியும்.

டர்போ தாசன்:
எல்லாம் இன்டர்கூலரில் இருக்கிறது; டர்போ அழுத்தி அனுப்பும் சூடான காற்றை இன்ஜினுக்குள் போகுமுன் குளிர்விக்கும் கருவி அது. 935 ஓடிய குரூப் 5 பிரிவின் விதிப்படி டர்போ இன்ஜினின் கொள்ளளவை 1.4ஆல் பெருக்குவார்கள். 2,857 சிசி இன்ஜின் ஏறக்குறைய 4 லிட்டராகக் கணக்கில் வரும். அந்தப் பிரிவுக்குக் குறைந்தபட்ச எடை 970 கிலோ. காரை அதைவிட லேசாகக் கட்டி, மிச்ச எடையை ஈயமாக மூக்குப் பக்கம் வைத்தால், 935 பிறந்த, இன்ஜின் பின்னால் இருப்பதால் பின்பாரம் மிகுந்த 911 வம்சத்துக்கு அதுவே மருந்து.

1976 சீசன் நடுவில், சாதா காரின் பின்மூடி (இன்ஜின் மூடி) அப்படியே பொருந்த வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். மூடிக்கடியில் இருந்த காற்றுவழி இன்டர்கூலருக்கு இடம் போயிற்று. போர்ஷே அவசரமாகத் தண்ணீர்வழி இன்டர்கூலருக்கு மாறியது. அதற்குத் தண்ணீர், பம்ப், குழாய், முன்னால் தனி ரேடியேட்டர் எல்லாம் வேண்டும். எடை கூடும், கசிய நாலு இடம் கூடும். நீண்ட நேரம் முழு பூஸ்ட்டில் (டர்போ தரும் காற்றழுத்தத்தில்) ஓடினால் தண்ணீரே சூடாகி, இன்ஜினுக்குள் போகும் காற்றும் சூடாகும். அப்புறம் பூஸ்ட்டைக் குறைக்காவிட்டால் நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பது) வந்து பிஸ்டன் உருகும்.

கிரெமர் தாங்கள் மாற்றிய 935ஆன கே3இல் காற்றுவழிக்கே திரும்பினார்கள். பூஸ்ட்டை நம்பி ஏற்ற முடிந்தது அதனால்தான். உடலை வடிவமைத்தவர் எக்கெஹார்ட் சிம்மர்மன். முன் மட்கார்டுகளின் மேல் விளிம்பில் நிற்கும் வேலி போன்ற தகடுகளைப் படத்தில் பார்த்தாலே கே3 என்று தெரிந்துவிடும்.

பிட்லேன்:
மேலே சொன்னதில் பிழை இல்லை. ஆனால் 1979 லு மானை இன்டர்கூலர் மட்டும் வெல்லவில்லை; ஒரு பெல்ட்டும் வென்றது. அந்த இன்ஜினில் எரிபொருள் பம்பைச் சுழற்றுவது பல் வைத்த பெல்ட். அறுந்தால் கார் அங்கேயே நிற்கும். விதிப்படி டிராக்கில் ஓட்டுநர்தான் சரிசெய்ய வேண்டும், அதுவும் காரில் உள்ள பொருளை வைத்தே.

போர்ஷே தானே ஓட்டிய 936 பந்தயக் காரில் இந்த பெல்ட் போனபோது வெளியுதவி கிடைத்தது என்று ஜாக்கி இக்ஸ் - பிரையன் ரெட்மன் காரைப் பந்தயத்திலிருந்தே நீக்கினார்கள். கிரெமரின் கே3க்கும் ஞாயிற்றுக்கிழமை அதே கோளாறு. டான் விட்டிங்டன் தனியாளாக, கையில் இருந்ததை வைத்து ஒப்பேற்றி பிட்டுக்கு (டீம் பழுதுபார்க்கும் இடத்துக்கு) கொண்டுவந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. துரத்தி வந்த டிக் பார்பர் டீமின் 935க்கு பிட்டில் சக்கர நட் இறுகிக்கொண்டது. அதில் அவர்களுக்கும் நேரம் போனது. கிளாஸ் லுட்விக், டான், பில் விட்டிங்டன் மூவரும் 307 லேப் முடித்து முதலிடம். மூன்றாமிடமும் கிரெமர் காருக்கே. அதிர்ஷ்டம் என்று ஒதுக்க மனம் வரவில்லை: முன்னிலை அவ்வளவு பெரிதாக இருந்ததால்தான் அந்த ஒரு மணி நேரத்தைத் தாங்க முடிந்தது.

குரூப் சி ரசிகை:
சரிவுக்கு வருகிறேன். 1982இல் குரூப் சி என்ற புதிய விதிப்பிரிவு வந்த பிறகு நிலைமை தலைகீழ். போர்ஷே விற்ற புதிய பந்தயக் கார் 956 வந்தபோதே நன்றாக இருந்தது. வாங்கியவர் மாற்ற அதிகம் மிச்சமில்லை. அதோடு எரிபொருளுக்கு வரம்பு, லு மானில் 24 மணி நேரத்துக்கு 2,600 லிட்டர். பூஸ்ட்டை ஏற்றினால் டேங்க் காலி. 1983 லு மானில் மரியோ ஆண்ட்ரெட்டி, மைக்கேல் ஆண்ட்ரெட்டி, ஃபிலிப் அலியோ கிரெமரின் 956இல் மூன்றாமிடம் வந்தார்கள். முன்னால் நின்ற இரண்டும் கம்பெனிக் கார்கள்.

பிறகு இரண்டு பேரிழப்புகள்: 1985இல் மோஸ்போர்ட்டில் மான்ஃப்ரெட் விங்கல்ஹாக், 1986 லு மான் இரவில் யோ கார்ட்னர். இருவரும் கிரெமரின் 962இல் (956க்கு அடுத்து வந்த கார்) இறந்தார்கள். ஒரு சின்ன டீம் இதைக் கடந்து ஓடியதே பெரிது. கம்பெனியின் 962 கூடு (சேஸிஸ்) அலுமினியத் தகடு. வேகமும் தரையழுத்தமும் (காற்று காரைத் தரையோடு அழுத்தும் விசை) கூடக்கூட அதன் விறைப்பு போதவில்லை. கிரெமர் தேன்கூட்டு அலுமினியத்தில் சொந்தக் கூடு செய்வித்தார்கள், அதுதான் சிகே6. நல்ல வேலை. ஆனால் 1991இல் விதி 3.5 லிட்டர் டர்போ இல்லா இன்ஜினுக்கு மாறியது. பழைய டர்போக்களுக்கு எடை ஏற்றினார்கள். அந்த ஆண்டு லு மானில் புறப்படும் வரிசையின் முதல் 10 இடங்களைப் புதிய கார்களுக்கே ஒதுக்கினார்கள். போர்ஷேயிடம் விற்க 3.5 லிட்டர் கார் இல்லை. இந்தக் கார்கள் ஓடிய உலக சாம்பியன்ஷிப் தொடரும் 1992டன் முடிந்தது.

பந்தயப்பித்தன்:
ஆனால் 1995இல் அமெரிக்காவின் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தை கே8இல் வென்றார்களே? போர்ஷே வாங்கி ஓட்டிய இன்னொரு ஜெர்மன் டீமான ஜோஸ்ட்டுக்கும் இதே கஷ்டம்தானே, அவர்கள் மட்டும் தப்பியது எப்படி?

குரூப் சி ரசிகை:
கே8 என்பது 962இன் இன்ஜினை வைத்துக் கட்டிய கூரையில்லாக் கார். டேடோனாவில் பழகிய, உடையாத இன்ஜின் போதுமானதாக இருந்தது. ஜோஸ்ட் வேறு வழி. 1984, 85இல் ஒரே 956ஐ வைத்தே லு மானை இருமுறை வென்றார்கள். 1996, 97இல் போர்ஷே இன்ஜின் கொண்ட ஒரே டபிள்யூஎஸ்சி-95 காரை வைத்து மறுபடி இருமுறை. காரை மாற்றிக் கட்டுவதைவிடப் பழுதில்லாமல் ஓட்டுவதில்தான் அவர்கள் கை ஓங்கியிருந்தது. கம்பெனிகள் வாடகைக்குத் தேடியதும் அந்தத் திறமையைத்தான்: 2000 முதல் 2002 வரை அவுடி ஆர்8ஐ லு மானில் வெல்ல வைத்தது ஜோஸ்ட்.

கிரெமரின் பலம் வாங்கிய போர்ஷேயைத் திருத்துவது. திருத்த போர்ஷே இல்லாதபோது, 1990களின் கடைசியில் லோலா சேஸிஸில் ஃபோர்டு இன்ஜின் வைத்து ஓட்டினார்கள்.