சீன எழுத்து: பார்த்தால் தெரிகிறது, எழுதப் போனால் வரவில்லை

மாங்குளம் சந்தி:
எல்லோருக்கும் வணக்கம். கிளிநொச்சியில் ஒரு போன் திருத்தும் கடையில் வேலை செய்கிறேன். வருகிற சாமான் முக்கால்வாசி சீனாவில் இருந்துதான், பெட்டியிலும் போர்டிலும் சர்க்யூட் வரைபடத்திலும் அந்த எழுத்துதான், பார்த்துப் பார்த்தே ஆசை வந்து ஒரு ஆப் இறக்கிப் படிக்கத் தொடங்கிவிட்டேன். எச்.எஸ்.கே என்ற சீன மொழித் தேர்ச்சிப் பரீட்சை எழுதி, சரிவந்தால் அங்கே படிக்க ஸ்கொலர்ஷிப்புக்கும் போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு எண்ணம்.

பிரச்சனை என்னவென்றால், ஆப்பில் நான்கு விடை தந்தால் சரியானதைத் தொட்டுவிடுகிறேன், வெறும் தாளைத் தந்து எழுது என்றால் கை அப்படியே நிற்கிறது. அதோடு ஒன்றைப் போலவே இன்னொன்று. சதுரத்துக்குள் ஒரு சிலுவை போட்டால் வயல். அந்த நடுக்கோடு மேலே நீண்டால் வேறு எழுத்து, கீழே நீண்டால் வேறு, இரண்டு பக்கமும் நீண்டால் இன்னொன்று, அதற்கு அடியில் ஒரு வாலும் வைத்தால் மின்சாரம்! வேண்டுமென்றே யாரோ செய்த வேலை மாதிரி இருக்கிறது.

கையால் எழுதிப் பழகத்தான் வேண்டுமா? இத்தனை ஆயிரத்தை எப்படி நினைவில் வைத்திருக்கிறீர்கள்? பழைய எழுத்தா, சுருக்கிய எழுத்தா, எதைப் படிப்பது? பின்னேர வகுப்புக்கு எங்கேயும் நிற்க முடியாது, பஸ்ஸால் இறங்கி ஒட்டுசுட்டான் ரோட்டால் உள்ளே போகவேண்டும், இருட்டினால் யானை. எல்லாம் வீட்டில் இருந்துதான்.

சீன எழுத்தை இங்கே ஒட்டினால் பலருக்குப் பெட்டி பெட்டியாகத்தான் தெரிகிறதாம், தமிழிலேயே விளங்கப்படுத்துங்கள்.

வற்றாப்பளை:
தம்பி, நான் முள்ளியவளை, இப்போது வூஹானில் சிவில் இஞ்சினியரிங் படிக்கிறேன். ஆயிரக்கணக்கு என்ற பயத்தை முதலில் விடுங்கள். தமிழில் 247 எழுத்தையும் 247 படமாக யார் மனப்பாடம் செய்தார்கள்? கொம்பும் அரவும் விசிறியும் பிடிபட்டால் மீதி தானாக வரும். சீனமும் துண்டு துண்டாகக் கட்டியதுதான், ஒழுங்கு மட்டும் இந்த அளவுக்கு இல்லை. 1716இல் வந்த காங்ஷி அகராதி அத்தனை எழுத்தையும் 214 தலைத்துண்டுகளுக்கு, அதாவது எழுத்தை வகைப்படுத்துகிற அடிப்படைத் துண்டுகளுக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கிறது. அதில் அடிக்கடி வருகிறவற்றை மட்டும் முதலில் பிடியுங்கள்: நீர், கை, வாய், பேச்சு, இதயம், மரம், பெண், சாப்பாடு.

அப்புறம் பெரும்பாலான எழுத்துகளில் ஒரு பக்கம் பொருளைக் காட்டும், மறுபக்கம் ஒலியைக் காட்டும். உங்கள் ஆப் இதைச் சொல்லித் தந்திருக்காது, பல ஆப்கள் படத்தை மட்டும் காட்டி ஏமாற்றுகின்றன. ச்சிங் என்று ஒரு எழுத்து, நீலமும் பச்சையும் கலந்த நிறம். அதற்கு இடப்பக்கம் மூன்று நீர்த்துளி வைத்தால் தெளிந்தது, பேச்சை வைத்தால் தயவுசெய்து என்று கேட்பது, இதயத்தை வைத்தால் உணர்ச்சி, சூரியனை வைத்தால் வெளித்த வானம். நான்குமே ச்சிங்தான், தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் மாறும். கண்ணை வைத்தால் ஜிங் ஆகிவிடும், அது கண் என்ற சொல்லின் இரண்டாவது எழுத்து. சூரியனுக்கு 4 கோடு, கண்ணுக்கு 5 கோடு. வானத்துக்கும் கண்ணுக்கும் நடுவில் ஒரே ஒரு கோடுதான் வித்தியாசம், இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுவது.

ஆனால் ஒலித்துண்டை முழுதாக நம்பவும் கூடாது. ஒரே வலப்பக்கத் துண்டு, இடப்பக்கம் மண் வந்தால் நிலம், நீர் வந்தால் சிறுகுளம், ஆள் வந்தால் அவன், பெண் வந்தால் அவள். அவனும் அவளும் ஒரே ஒலி, நிலமும் குளமும் வேறு வேறு. மிகப் பழைய உச்சரிப்பில் ஒட்டிக்கிடந்தவை காலப்போக்கில் விலகிவிட்டன, அவ்வளவுதான்.

சுருக்கிய எழுத்தைப் படியுங்கள், பரீட்சை அதில்தான். 1956இல் சீன அரசாங்கம் கோடுகளைக் குறைத்து வெளியிட்டதில் வந்த வடிவங்கள் அவை. தாய்வான், ஹொங்கொங் சாமான் வந்தால் பழைய வடிவம் இருக்கும், கண்ணுக்கு மட்டும் பழக்கிக்கொள்ளுங்கள். உங்கள் மின்சாரத்துக்கே பழைய வடிவில் தலையில் மழை உண்டு. மழைக்குக் கீழே வெட்டுவது மின்னல் என்று நினைத்தால் அந்த எழுத்து ஏன் அப்படி என்று விளங்கும்.

ஓமந்தை:
கையால் எழுதுகிற கதையை விடு தம்பி. குவாங்ஜோவில் இருந்து உதிரிப்பாகம் எடுக்கிறேன், விலை பேசுவது, சண்டை பிடிப்பது எல்லாம் வீச்சாட் என்ற சீன அரட்டை ஆப்பில்தான். ஒலியை ஆங்கில எழுத்தில் தட்டினால் போன் வரிசையாகக் காட்டும், சரியானதைத் தொட்டால் முடிந்தது. பேனா எடுத்த நினைவே இல்லை. சீனர்களே மறந்துபோகிறார்கள், பேனாவைத் தூக்கினால் எழுத்து மறக்கிறது என்று அவர்களுக்குள்ளேயே ஒரு பேச்சு உண்டு. தும்மல் என்பதைத் தாளில் எழுதச் சொல்லிப் பார், படித்தவனே தலையைச் சொறிவான். எச்.எஸ்.கே பரீட்சையையும் கணினியில் எழுதலாம், அங்கேயும் தட்டுவதுதான்.

அந்த நேரத்தைச் சொல்லுக்குச் செலவழி. தனி எழுத்தைப் பிடித்துத் தொங்காதே. மின்னோடு குளம் சேர்ந்தால் பற்றரி, பேச்சு சேர்ந்தால் தொலைபேசி, மூளை சேர்ந்தால் கணினி, நிழல் சேர்ந்தால் சினிமா. கையும் இயந்திரமும் சேர்ந்தால் நீ திருத்துகிற சாமான். ஒரு எழுத்துக்கு இத்தனை சொல் கிடைக்கும்போது அதை மறக்கவா போகிறாய்? கடைப் பெட்டிகளையே வாசி, அதைவிடப் பாடப்புத்தகம் வேண்டாம்.

வவுனியா ரீச்சர்:
ஓமந்தை அண்ணை சொல்வது வியாபாரத்துக்குச் சரி. தம்பி கேட்டது வேறு, அவருக்கு ஒன்றைப் போல இன்னொன்று தெரிகிறது. அதற்குக் கைதான் மருந்து.

நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை, சீனம் ஆசைக்குப் படிப்பது. பிள்ளைகளின் கணிதச் சதுரக் கொப்பி ஒன்று வாங்குங்கள், நான்கு கட்டத்தை ஒன்றாக எடுத்தால் நடுவில் சிலுவையோடு ஒரு பெரிய கட்டம் வரும். சீனப் பிள்ளைகள் எழுதிப் பழகுவதும் அந்த மாதிரிக் கட்டத்தில்தான், அதற்கு வயல் எழுத்துக் கட்டம் என்றே பெயர்.

இப்போது உங்களுடைய ஐந்தையும் எழுதிப் பாருங்கள். வயலுக்கு 5 கோடு. இடப்பக்கக் கோடு மேலிருந்து கீழே, பிறகு மேல்கோட்டையும் வலப்பக்கத்தையும் பேனா எடுக்காமல் ஒரே மடக்கில், உள்ளே குறுக்குக்கோடு, பிறகு நிமிர்ந்த கோடு, கடைசியாக அடிக்கோட்டைப் போட்டு மூடுவது. ஆள் உள்ளே போன பிறகு கதவைச் சாத்து என்று சீன ஆசிரியர்கள் சொல்வார்களாம். மேலே மட்டும் நீண்டதற்கும் அதே ஒழுங்குதான், நிமிர்ந்த கோடு கூரைக்கு மேலே தொடங்கும். கீழே நீண்டதற்கும் இரண்டு பக்கமும் நீண்டதற்கும் மாறும்: பெட்டியை முதலில் மூடிவிட்டு, கடைசியில் நிமிர்ந்த கோட்டால் ஒரே குத்து, அடியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரவேண்டும். மின்சாரமும் அதே, கடைசிக் குத்து நேராக நிற்காமல் வலப்பக்கம் வளைந்து வாலாகும். கண்ணுக்கு ஐந்தும் ஒன்று போலத்தான், கைக்கு அப்படி இல்லை.

ஆனால் ஒன்றையே ஒரு பக்கம் முழுக்க எழுதாதீர்கள். மூன்றாவது முறைக்குப் பிறகு கை மட்டும்தான் எழுதும், மனம் குசினியில் நிற்கும். எங்கள் பிள்ளைகளும் அப்படித்தான், பார்த்தெழுதச் சொன்னால் முத்து முத்தாக, சொல்வதெழுதல் வைத்தால் முழுக்கப் பிழை. எழுத்தைப் பாருங்கள், மூடுங்கள், நினைவில் இருந்து ஒருமுறை எழுதுங்கள், திறந்து சரிபாருங்கள். மறுநாள் பார்க்காமலே எழுதுங்கள். வந்துவிட்டால் அதை நாலைந்து நாளைக்குத் தொடவேண்டாம்.

வற்றாப்பளை:
ரீச்சரோடு உடன்படுகிறேன், பாதி ஓமந்தை அண்ணையோடும். சீன மொழித் தேர்ச்சிக்கு 2021இல் வந்த புதிய தரநிலையே இரண்டையும் பிரித்துவிட்டது: 3000 எழுத்து தெரிந்திருக்கவேண்டும், அதில் கையால் எழுத வேண்டியது 1200தான். எல்லாவற்றையும் எழுதவேண்டாம், குழப்புகிறவற்றையும் அடிக்கடி வருகிறவற்றையும் எழுதினால் போதும். இன்னொரு பிரயோசனமும் உண்டு, தெரியாத எழுத்தை அகராதியில் தேட அதை விரலால் திரையில் கீறவேண்டும், கோட்டு ஒழுங்கு பிசகினால் சில நேரம் வேறு எதையோ கொண்டுவந்து காட்டும். பிளெக்கோ அகராதி அடிப்படைப் பதிப்பு இலவசம், ஒருமுறை இறக்கினால் இணைப்பு இல்லாமலும் வேலை செய்யும், மாங்குளத்துக்கு உள்ளே சிக்னல் எப்படி என்று எனக்குத் தெரியும்.

மாங்குளம் சந்தி:
ரீச்சர், ஐந்தையும் நீங்கள் சொன்ன ஒழுங்கில் எழுதிப் பார்த்தேன், அந்தக் கடைசிக் குத்து உண்மையிலேயே கைக்குப் பிடிபடுகிறது. அண்ணை, பற்றரிக் குளம் இனி மறக்காது. அட்டையைத் திருப்பித் திருப்பி மனப்பாடம் செய்கிற ஆங்கி என்ற ஆப்பைப் பலர் சொல்கிறார்கள், அதில் அட்டையை எப்படிப் போடுவது? ஒரு பக்கம் சீனம், மறுபக்கம் தமிழா?

வவுனியா ரீச்சர்:
இரண்டு பக்கமாகவும் போடுங்கள். சீனத்தைப் பார்த்துப் பொருள் சொல்வது வாசிப்புக்கு. எழுதுவதற்கு முன்பக்கம் தமிழும் ஒலியும், பின்பக்கம் எழுத்து, அதைத் திருப்ப முன் கொப்பியில் எழுதிவிடவேண்டும், விரலால் காற்றில் எழுதினாலும் சரி. தனி எழுத்தாகப் போடாமல் அது வருகிற சொல்லையும் சேர்த்துப் போடுங்கள். ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு. புதிய அட்டையை ஒரு நாளில் அதிகம் சேர்க்காதீர்கள், அறுவடை நேரத்தில் இரண்டு நாள் விட்டால் பழைய அட்டைகள் மலைபோலக் குவிந்து நிற்கும், அதைக் கண்டுதான் பலர் ஆப்பையே அழிக்கிறார்கள். அப்படிக் குவிந்தால் புதியதை நிறுத்திவிட்டுப் பழையதை மட்டும் முடியுங்கள்.

வற்றாப்பளை:
பரீட்சைக்குக் களனிப் பல்கலைக்கழகத்தில் இருக்கும், சீன மொழி கற்பிக்கிற கொன்பூசியஸ் நிலையத்தில் விசாரியுங்கள். பதியும்போது தாளா கணினியா என்று பார்த்துப் போடுங்கள். பழைய முறையில் முதல் இரண்டு படிகளில் எழுத்துக்கு மேலே ஒலியையும் அச்சடித்துத் தருவார்கள், மூன்றில் அது போய்விடும், எழுதுகிற பகுதியும் வரும். சீன மொழியில் படிப்பதற்குப் பல பல்கலைக்கழகங்கள் நான்காவது படியைக் கேட்கின்றன, ஸ்கொலர்ஷிப் விண்ணப்பத்துக்கு முன் நீங்கள் போகப்போகிற இடம் எதைக் கேட்கிறது என்று அவர்களுடைய தளத்திலேயே பாருங்கள்.