அரையாண்டு லீவில் பிள்ளைகளை வைத்துப் பழத்தில் ஏதாவது செய்ய யோசனை சொல்லுங்கள்

மரவனேரி மதி:

வணக்கம். பரீட்சை முடிந்து லீவு விட்டதிலிருந்து எங்கள் தெருப் பொடிசுகள் எல்லாம் பகல் முழுக்க எங்கள் வீட்டில்தான் கிடக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக், அச்சுமுறுக்கு என்று ஒரு தட்டு நிறைய அனுப்புவார்கள். நாங்களும் பதிலுக்குக் கடையில் வாங்கின ஸ்வீட் பாக்ஸைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். இந்தத் தடவை பிள்ளைகளே கையால் ஏதாவது செய்து, அவர்களே கொண்டுபோய்க் கொடுக்கட்டும் என்று பார்க்கிறேன். கேக் அந்தப் பக்கத்திலிருந்து எப்படியும் வந்துவிடும், அதனால் நம் பக்கம் பழமாக இருந்தால் நல்லது.

வீடியோவில் தேடினால் எதை எடுத்தாலும் ஸ்ட்ராபெரி, கிவி, அதன் தலையில் ஒரு குவியல் கிரீம். ஸ்ட்ராபெரி டப்பா விலையைக் கேட்டுவிட்டுக் கும்பிட்டு வந்துவிட்டேன். ஓவன் கிடையாது, பிள்ளைகளை அடுப்புப் பக்கம் விடவும் மாட்டேன். சின்னவனுக்கு மூன்றரை வயது, பெரியவளுக்குப் பத்து, மற்றவர்கள் நடுவில். முக்கியமான விஷயம், கடைசியில் நான் எல்லாவற்றையும் வெட்டி அடுக்க, அவர்கள் மேலே ஒரு முந்திரியை வைத்துவிட்டு "நாங்க செஞ்சோம்" என்று சொல்கிற கதையாக ஆகிவிடக் கூடாது.

கன்னங்குறிச்சி சித்தி:

மதி, முதலில் இப்போது என்ன பழம் மலிவாகக் கிடைக்கிறது என்று பாரும்மா, வீடியோவை அப்புறம் பார்க்கலாம். மல்கோவாவுக்குச் சித்திரை வரவேண்டும், அதை விட்டுவிடு. கமலா ஆரஞ்சு, கொய்யா, சப்போட்டா, பப்பாளி, மாதுளை, வாழைப்பழம், இவ்வளவு போதும். அஸ்தம்பட்டி உழவர் சந்தைக்குக் காலையில் போனால் கொய்யா நன்றாக இருக்கும், மற்றதைச் சின்னக் கடைவீதியில் வாங்கிக்கொள்ளலாம்.

கத்தி இல்லாத வேலையாகப் பிரித்துக் கொடுத்துவிடு. கமலா ஆரஞ்சுத் தோல் சுளையோடு ஒட்டாது, அதனால் மூன்று வயதுக் குழந்தைகூட உரிக்கும். காம்புப் பக்கம் நீ கட்டைவிரலால் ஒரு குழி போட்டுக் கொடுத்தால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும், கால் மணி நேரம் சத்தமே வராது. சுளையில் ஒட்டியிருக்கிற வெள்ளை நாரை ஒவ்வொன்றாக இழுத்து எடுப்பதில் சின்னதுகளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். மாதுளையை நீ பாதியாக வெட்டி, சட்டிக்கு மேலே கவிழ்த்துப் பிடித்துக்கொள், பெரியவள் கரண்டிக் காம்பால் முதுகில் தட்டட்டும், முத்தெல்லாம் பொலபொலவென்று கொட்டும். பழைய துணி போட்டுவிடு, மாதுளைக் கறை லேசில் போகாது. வாழைப்பழம், பப்பாளி இரண்டுக்கும் எவர்சில்வர் ஸ்பூன் விளிம்பே கத்தி.

சாண்டா தாத்தா முகம் சுலபம். வாழைப்பழத்தைச் சற்றுத் தடிமனாக வட்டம் போட்டால் முகம். உள்ளே சிவப்பாக இருக்கிற கொய்யாவை முக்கோணமாக வெட்டினால் தொப்பி. தாடிக்கும் தொப்பிக் குஞ்சத்துக்கும் துருவின தேங்காய், ஓட்டுப் பழுப்பு வராமல் வெள்ளையை மட்டும் துருவு. கண்ணுக்குக் காய்ந்த கறுப்புத் திராட்சையைக் கிள்ளி வைத்தால் முடிந்தது. நன்றாகப் பழுத்த, ஆனால் குழையாத நேந்திரம் வாங்கினால் வட்டம் நிற்கும், ரஸ்தாளி என்றால் குழந்தைகள் கையில் களியாகிவிடும். வெட்டினதும் எலுமிச்சைச் சாற்றை விரலால் தடவச் சொல், இல்லாவிட்டால் தாத்தா முகம் அரை மணியில் கறுத்துப் போகும்.

பட்டறைக்காரன்:

சித்தி சொன்னதெல்லாம் அழகுதான். ஆனால் மதி அக்கா, பொம்மை முகம் செய்தால் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிக்கும், போட்டோ எடுக்கும், அப்புறம் அந்த முகத்தைத் திங்க மாட்டேன் என்று அழும். எங்கள் வீட்டு அனுபவம்.

சேலத்தில் இருந்துகொண்டு தட்டுவடை செட்டை விட்டுவிட்டு வேறு எதற்குப் போகிறீர்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை. அதையே பழத்தில் போடலாம். கீழே ஒரு தட்டுவடை, காரமில்லாத புதினாச் சட்னியை லேசாகத் தடவி, துருவின கேரட் கொஞ்சம், பொடியாக வெட்டின அன்னாசியும் கொய்யாவும், நாலு மாதுளை முத்து, உப்பு ஒரு சிட்டிகை, எலுமிச்சை இரண்டு சொட்டு, மேலே இன்னொரு தட்டுவடை. வெங்காயம் போடாதீர்கள், பழத்தோடு சேராது. பீட்ரூட்டும் வேண்டாம், அன்னாசி முழுக்கச் சிவந்துவிடும். சாயங்காலம் தள்ளுவண்டி அண்ணன் செய்வதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அதைத் தாங்களே கடை போட்டுச் செய்வதென்றால் சொல்லவா வேண்டும். ஒருத்தர் சட்னி, ஒருத்தர் காய், ஒருத்தர் மூடி போடுகிறவர், ஒருத்தர் கல்லாப்பெட்டி.

ஒன்று மட்டும், அடுக்கின கையோடு வாயில் போட்டுவிட வேண்டும். பழத் தண்ணீர் பட்டால் பத்து நிமிஷத்தில் தட்டுவடை நமத்துப்போகும். அதனால் பக்கத்து வீட்டுக்குக் கட்டிக் கொடுக்க இது ஆகாது. அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் செய்து கொடுங்கள், அதுதான் மரியாதையும்கூட.

வார்டு நம்பர் ஏழு:

நான் குழந்தைகள் வார்டில் வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் பயமுறுத்துகிற மாதிரிதான் எழுதுவேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மூன்றரை வயதுப் பையன் இருக்கிற இடத்தில் முழுத் திராட்சை வேண்டவே வேண்டாம். அது வழுவழுவென்று உருண்டையாக இருப்பதால் தொண்டையில் போய் அப்படியே அடைத்துக்கொள்ளும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நீளவாக்கில் நான்காக வெட்டித்தான் கொடுக்க வேண்டும், குறுக்கே வெட்டினால் அது மறுபடி வட்டம்தான், பிரயோஜனம் இல்லை. பன்னீர் திராட்சை என்றால் விதையையும் எடுத்துவிடுங்கள். முந்திரி, வேர்க்கடலையை முழுசாக மேலே வைப்பதும் அதே கதைதான், பொடித்துத் தூவுங்கள். அதுவும் மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடலை ஒத்துக்கொள்ளுமா என்று அவர்கள் அம்மாக்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

பல் குச்சியில் பழம் குத்துவது வீடியோவில் நன்றாக இருக்கும். ஓடுகிற பிள்ளை வாயில் குச்சி இருந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் பார்த்திருக்கிறோம். ஐஸ் குச்சி, முனை மழுங்கினது, போதும். சாப்பிடும்போது எல்லோரும் பாயில் உட்கார்ந்திருக்கட்டும்.

வெட்டின பழத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். மார்கழி என்றாலும் சேலத்துப் பகல் சேலத்துப் பகல்தானே.

மலைமேல் வீடு:

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். டிசம்பரில் இங்கே கீழேயிருந்து வண்டி வண்டியாக வருகிறார்கள், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து, ஏரிக்கரையில் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போகிறார்கள். முன்பு காப்பித் தோட்டத்துக்குள்ளேயே ஆரஞ்சு நிறைய நின்றது, இப்போது அந்த அளவுக்கு இல்லை, "ஏற்காடு ஆரஞ்சு" என்று கூவி விற்பதில் பல நேரம் நாக்பூர் பழமும் கலந்திருக்கும். தோல் தொளதொளவென்று, பார்க்கக் கொஞ்சம் அழுக்காக, பச்சையும் மஞ்சளுமாக இருந்தால் வாங்குங்கள். பளபளவென்று இருப்பதற்கு ஆசைப்பட வேண்டாம்.

கட்டிக் கொடுப்பதற்கு ஆரஞ்சுக் கிண்ணம் செய்யுங்கள். இதற்கு மட்டும் தோல் தடித்து, சுளையோடு ஒட்டியிருக்கிற சாத்துக்குடி வகை நல்லது, கமலா கிழிந்துவிடும். பாதியாக வெட்டி, சாறு பிழிந்துவிட்டு, உள்ளே இருக்கிற சக்கையைப் பிள்ளைகள் ஸ்பூனால் சுரண்டி எடுக்கட்டும். சைனா கிராஸ் என்று மளிகைக் கடையில் கேட்டால் நூல் நூலாகத் தருவார்களே, கடற்பாசி, அது பத்து கிராமை அரை லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, முழுசாகக் கரைகிற வரை கொதிக்கவிட்டு, சர்க்கரை போட்டு இறக்குங்கள். இறக்கினதற்கு அப்புறம்தான் சாறு, கிட்டத்தட்ட இன்னொரு அரை லிட்டர். புளிப்புச் சாற்றோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் சரியாக உறையாது. சாறு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லென்ற சாறாகவும் இருக்கக் கூடாது, ஊற்றின இடத்திலேயே திப்பி திப்பியாகிவிடும். இந்த அடுப்பு வேலையும் ஊற்றுகிற வேலையும் உங்களுடையது, கொதிக்கிற பாசி கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். இட்லித் தட்டுக் குழியில் தோல் கிண்ணங்களை உட்கார வைத்தால் சாயாமல் நிற்கும்.

ஜெலட்டின் மாட்டு எலும்பு, தோலிலிருந்தெல்லாம் வருவது, பல வீடுகளில் ஆகாது. அதோடு பச்சை அன்னாசி, பப்பாளி போட்டால் ஜெலட்டின் உறையவே உறையாது, அந்தப் பழங்களில் இருக்கிற நொதி அதைக் கரைத்துவிடும். கடற்பாசிக்கு அந்தத் தொல்லை இல்லை, ஃபிரிட்ஜ் இல்லாமலே உறையும், வெயிலில் இளகவும் இளகாது. உறைந்த பிறகு தோலோடு சேர்த்துக் கீற்றாக வெட்டினால் ஆரஞ்சுச் சுளை மாதிரியே இருக்கும். சின்னவனுக்கு மட்டும் தோல் நீக்கிப் பொடியாக வெட்டிக் கொடுங்கள், வழுக்கிக்கொண்டு போகிற பண்டம்.

மரவனேரி மதி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தட்டுவடையைக் கேட்டதுமே பெரியவள் "ஆன்ட்டி, நான்தான் கல்லா" என்று குதிக்கிறாள், அதனால் அது உறுதி. பக்கத்து வீட்டு ஆன்ட்டியைச் சாயங்காலம் நம் வீட்டுக்கே வரச் சொல்லிவிடுகிறேன், ஆரஞ்சுக் கிண்ணம் கொடுத்தனுப்ப. சாண்டாவைச் சின்னதுகள் விடமாட்டார்கள், அழுதால் பட்டறைக்காரர் தம்பி வீட்டுக்கு அனுப்பிவைக்கிறேன்.

இன்னொன்று கேட்கிறேன். கிறிஸ்துமஸ் தட்டு என்றால் பனி வேண்டுமாம். தேங்காய்த் துருவலைக் கொட்டலாம் என்றால் தாடிக்கே தீர்ந்துவிடும் போல. வேறு என்ன செய்யலாம்?

கன்னங்குறிச்சி சித்தி:

சுற்றிலும் குச்சிக்கிழங்கு மில்லை வைத்துக்கொண்டு பனிக்கு அலைவானேன்? ஜவ்வரிசி போடு. நைலான் ஜவ்வரிசி வாங்காதே, அது வெந்தால் கண்ணாடியாகிவிடும், மாவு ஜவ்வரிசிதான் கொஞ்சமாவது வெள்ளை நிற்கும். அரை மணி ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவிட்டு, நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு தெரியும்போதே வடிகட்டி, பச்சைத் தண்ணீரில் அலசினால் முத்து முத்தாக உதிரும். கெட்டித் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் கலந்து தாம்பாளத்தில் பரப்பு, அதன்மேல் பப்பாளியை நட்சத்திர அச்சில் வெட்டி வைக்கட்டும். வெட்டினதில் மிஞ்சுகிற ஓரமெல்லாம் வெட்டுகிறவர்களுக்கே.

மரவனேரி மதி:

முந்தின நாள் ராத்திரியே வேகவைத்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாமா சித்தி?

கன்னங்குறிச்சி சித்தி:

வேண்டாம், விறைத்து ரப்பராகிவிடும். மத்தியானம் சாப்பாடு ஆனதும் வேகவை, நாலு மணிக்குச் சரியாக இருக்கும். ஆரஞ்சுக் கிண்ணத்தை வேண்டுமானால் முந்தின ராத்திரியே செய்து வை.