சின்சேவிடம், அதாவது பாரம்பரியச் சீன வைத்தியரிடம், போன அனுபவம் உண்டா? பகிருங்கள்

யீஷூன் அக்கா:
ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரி. ஆனால் சாப்பிட்டு முடித்தால் வயிறு உப்பும், கைகால் கனக்கும், கண் சொருகும். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிதான் அழைத்துப் போனார். சின்சே மணிக்கட்டில் மூன்று விரல் வைத்தார், முதலில் லேசாக, அப்புறம் அழுத்தி. இடக்கை முடிந்து வலக்கை. பிறகு நாக்கை நீட்டச் சொல்லி, மேசைக் கண்ணாடியை என் பக்கம் திருப்பினார். நாக்கின் இரண்டு ஓரமும் பல் பதிந்து நெளிநெளியாக இருந்தது. "மண்ணீரலில் சீ (உயிர்ச்சக்தி) குறைவு, உடம்பில் ஈரம் தேங்கியிருக்கிறது. சாப்பிட்டதும் தூக்கம் வருமே?" என்றார். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. ஐஸ் தண்ணீர், தயிர், பச்சைக் காய்கறி கொஞ்ச நாள் வேண்டாம் என்றார். உப்புசம் குறைந்தது. ஆனால் அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது இன்னும் மண்டையைக் குடைகிறது.

வைத்தியர் பேரன்:
அக்கா, எங்கள் தாத்தா சித்த வைத்தியர். அவருக்கும் மூன்று விரல்தான்: ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம். சீனக் கணக்கு வேறு. இடக்கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம். வலக்கையில் நுரையீரல், மண்ணீரல், மறுபடி சிறுநீரகம். இதை ஒரு சின்சேவிடம் சொன்னேன். உடனே தன் கையை நீட்டி, "உங்கள் தாத்தா எங்கே வைப்பார், காட்டு" என்றார். வைத்தேன். கிட்டத்தட்ட அதே இடம். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம், வெளியே ஆட்கள் காத்திருக்க, பேச்சை விடவே இல்லை.

ஜூரோங் மகள்:
அக்கா, அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நாக்கில் பல் தடம் என்றால் மண்ணீரல் பலவீனம், மண்ணீரல் பலவீனம் என்றால் சாப்பிட்டதும் அசதி. அவர்கள் பாடத்தில் இரண்டும் சேர்ந்தே வரும். தவிர, மதியம் சோறு சாப்பிட்டால் யாருக்குத்தான் தூக்கம் வராது?
என் அம்மாவுக்கு இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். உடம்பு தேறட்டும் என்று தோழி ஒருவர் டாங் குவாய் என்ற சீன மூலிகை வேர் போட்டுக் கோழி சூப் வைத்துக் கொடுத்தார். சில நாளில் காலை எழுந்து பார்த்தால் தலையணை உறையில் ரத்தம், ஈறிலிருந்து. ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்ற அளவு) எகிறியிருந்தது. டாக்டர் எடுத்த எடுப்பில் கேட்டது, "ஏதாவது மூலிகை சாப்பிட்டாரா?"
அதனால் சொல்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் டாங் குவாய், டான்ஷென் மூலிகைகள் இரண்டையும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். சிங்கப்பூரில் 2000இல் சீன வைத்தியர்களுக்கென்றே சட்டம் வந்தது, சின்சேக்கள் வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பெயரைப் பட்டியலில் பார்த்துவிட்டுப் போங்கள். ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணு எளிதில் உடையும் பிறவிக் குறை) உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் ஹுவாங் லியன் என்ற மூலிகை பக்கமே போகாதீர்கள், மஞ்சள் காமாலை பயத்தில் 1978இலிருந்து பல வருடம் அது இங்கே தடையில் இருந்தது. பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். 1990களில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகமே போனது. ஹான் ஃபாங் ஜி என்ற மூலிகை இருக்க வேண்டிய இடத்தில் குவாங் ஃபாங் ஜி என்ற வேறொன்று கலந்திருந்தது, அதில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம். இயற்கை என்றால் பாதுகாப்பு என்று யாரும் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

ஈப்போ தம்பி:
அதற்காக எல்லாவற்றையும் ஒதுக்கிவிட முடியுமா அக்கா? 4ஆம் நூற்றாண்டில் கே ஹோங் என்ற சீன மருத்துவர் எழுதிய மருத்துவக் குறிப்பில் காய்ச்சலுக்கு சிங்ஹாவ் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துச் சாறு பிழிந்து குடி என்று இருக்கிறது. காய்ச்சு என்று இல்லை. அதைப் படித்துத்தான் சீன விஞ்ஞானி து யோயோ சூட்டைக் குறைத்து ஈதர் என்ற கரைப்பானில் சாறு எடுத்தார். அதுதான் மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசினின், 2015இல் நோபல் பரிசு.
என் அனுபவம் சின்னது. தொண்டைப்புண்ணோடு போனேன், உடம்பு சூடு என்று கடையிலேயே ஒரு கிண்ணம் கசப்புத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். நாலு மடக்கில் குமட்டிவிட்டது. கடைக்காரப் பாட்டி என் கன்னத்தைப் பிடித்து உப்பிட்ட பிளம் ஒன்றை வாயில் போட்டார்.

ஜூரோங் மகள்:
தம்பி, அது ஆய்வகத்தில் எலிக்கும் குரங்குக்கும் கொடுத்துச் சோதித்த பிறகு வந்த மாத்திரை. நாடிக்கும் நாக்குக்கும் அதே மாதிரி சோதனை செய்யட்டும், நானும் ஏற்றுக்கொள்கிறேன்.

பினாங்கு மருமகன்:
எங்களுக்கு ஊசி. மாமாவுக்குப் பக்கவாதம், வலக்கை விழுந்துவிட்டது. பிசியோவும் போய்க்கொண்டிருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், ஹெகு புள்ளியில், மெல்லிய ஊசியை இறக்கித் திருகினார் சின்சே. ரத்தமே வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மாமா, "எறும்பு ஊருது, முழங்கை வரைக்கும்" என்றார். விழுந்த பிறகு அந்தக் கையில் ஏதோ தெரிகிறது என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அத்தை அழுதுவிட்டார். சின்சே அசரவில்லை, தே சீ (ஊசி வேலை செய்யும்போது தெரியும் உணர்வு) வந்தால் அப்படித்தான் என்று சொல்லி அடுத்த ஊசியை எடுத்தார். இப்போது கரண்டி பிடிக்கிறார். மச்சான் பிசியோவால் என்கிறான், அத்தை ஊசியால் என்கிறார். இரண்டுக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம்.