ஆடிக் காற்றுக்குப் பிறகு டிஷ்ஷில் படம் நிற்பதில்லை: கோணத்தை எப்படிச் சரிசெய்வது?

கேள்வி (கோத்தகிரி):
எங்கள் வீடு தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சரிவில் இருக்கிறது. தகரக் கூரையின் ஓரத்தில், இரும்புக் குழாயில் 60 செ.மீ. தட்டைப் பொருத்தி டிடி ஃப்ரீ டிஷ் பார்த்துவருகிறோம். ஆடிக் காற்று அடித்ததிலிருந்து படம் கட்டம் கட்டமாக உடைகிறது. மூடுபனி இறங்கும் மாலைகளில் அடியோடு போய்விடுகிறது. படுக்கையில் இருக்கும் அம்மாவுக்கு அந்தப் பெட்டி ஒன்றுதான் துணை. கைப்பேசித் திசைகாட்டியோ தட்டின் அருகே ஒவ்வொரு முறையும் ஒரு திசையைக் காட்டுகிறது. காரணம் பனியா, கோணமா?

பதில் (குன்னூர்):
பனியைக் குறை சொல்ல வேண்டாம், ஐயா. மூடுபனியின் துளிகள் மிகச் சிறியவை; கனமழையைப் போல அவை இந்த அலைகளைத் தடுப்பதில்லை. திசைகாட்டியைக் குழப்புவது தகரமும் குழாயும்தான். கூரையை விட்டு விலகி, தட்டின் திசையிலேயே திறந்த வெளியில் நின்று, வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 123 டிகிரியில், அதாவது தென்கிழக்குக்கும் சற்றுக் கிழக்கே, தொலைவில் தெரியும் ஒரு மேட்டையோ மரத்தையோ குறித்துக்கொண்டு, பிறகு தட்டை அதற்கு நேராகத் திருப்புங்கள். 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் உங்கள் ஊருக்கு அந்தத் திசையில், அடிவானத்திலிருந்து 66 டிகிரி உயரத்தில் இருக்கிறது. தட்டின் முகம் அவ்வளவு அண்ணாந்து தெரியாது, எல்.என்.பி. (தட்டின் முன் நீட்டிய கம்பியின் நுனியிலுள்ள அலைவாங்கி) மையத்திலிருந்து தள்ளி அமைந்த தட்டு அப்படித்தான் இருக்கும். ஆகவே பின்புறத் தாங்கியிலுள்ள அளவுகோலையே பாருங்கள். தட்டின் பின்னால் நின்று வானத்தைப் பார்த்தபடி, எல்.என்.பி.யை இடஞ்சுழியாக ஏறத்தாழ 55 டிகிரி திருப்ப வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் தூக்குக்குண்டு கட்டிக் குழாயைப் பாருங்கள். குழாய் சாய்ந்திருந்தால் அளவுகோல் காட்டும் எண்ணுக்கு அர்த்தமில்லை. தட்டின் ஓரம் அரை செ.மீ. நகர்ந்தாலே ஒரு டிகிரி போய்விடும் என்பதால், மரையைப் பாதி தளர்த்தி, இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் சில நொடிகள் காத்திருந்து, திரையில் 'குவாலிட்டி' எண்ணை மட்டும் கவனியுங்கள். 'ஸ்ட்ரென்த்' எண் செயற்கைக்கோள் கிடைக்காதபோதும் உயர்ந்து நிற்கும்.

பதில் (கொடைக்கானல்):
மரத்தையும் பார்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் கோணம் சரியாக இருந்தும், கற்பூர மரத்தின் ஒரு கிளை வளர்ந்து குறுக்கே வந்திருந்தது. வெயிலில் ஓரளவு படம் வந்தது. இலைகளில் பனிநீர் தங்கியதும் போனது. உங்கள் மாலைத் தொல்லையும் அதுவாக இருக்கலாம். 66 டிகிரி உயரத்துக்கு, தட்டின் மட்டத்திலிருந்து 30 மீட்டர் எழும் சில்வர் ஓக்கின் உச்சி, அந்தத் திசையில் 13 மீட்டருக்குள் இருந்தால்தான் மறைக்கும். தள்ளி நிற்கும் மரத்தை வீணாக வெட்டிவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. மரம் தொலைவில்தான் நிற்கிறது. குழாய்தான் மேற்கிலிருந்து வந்த காற்றில் விரலளவு சாய்ந்திருந்தது. நிமிர்த்தி, அடியில் சிமெண்ட் பூசி, இரண்டு நாள் கழித்துத் தட்டைத் திருப்பினேன். எல்.என்.பி.யில் கேபிள் சேரும் முனை பச்சை பூத்திருந்ததால் அதையும் வெட்டிப் புதிதாகப் போட்டேன். நேற்று மாலை பனி வாசல்வரை வந்தும் படம் உடையவில்லை. அம்மா செய்திகளை முழுதாகப் பார்த்தார்.